மரம் தறித்தல், கொப்பு வெட்டுதல்: யாழ்ப்பாணத்தில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலிகாமம் பக்கத்தில் மரம் தறிப்பது, கொப்பு வெட்டுவது, பனை தென்னை துப்புரவாக்குவது ஆகிய வேலைகளைச் செய்யும் சிறு குழு நாங்கள். மரத்தில் நிற்கும்போது போன் எடுக்க முடியாது. இறங்கி வந்து எடுத்தால் பெரும்பாலும் இதே கேள்விகள்தான். அதனால் எழுதி வைத்துவிட்டோம்.

ஒரு வேம்பு தறிக்க எவ்வளவு எடுப்பீர்கள்?

இதற்குப் போனிலேயே தொகை சொல்பவரை நம்பாதீர்கள். மரத்தின் பருமனை வைத்து நாங்கள் விலை சொல்வதில்லை. அது விழக்கூடிய இடத்தை வைத்துத்தான் சொல்கிறோம். வெறுங்காணியின் நடுவில் நிற்கும் பெரிய வேம்பென்றால் அடியில் வாய் வெட்டி, கயிறு போட்டு இழுத்து, மத்தியானத்துக்குள் கிடத்திவிடலாம். அதில் பாதிப் பருமன்கூட இல்லாத மரம் கிணற்றுக்கும் ஓட்டு வீட்டுக்கும் இடையில் நின்று, பக்கத்து மதிலுக்கு மேலே சாய்ந்திருந்தால் கதை வேறு. ஒருவர் ஏறி ஒவ்வொரு கொப்பாகக் கட்ட வேண்டும். கீழே நிற்பவர் கயிற்றை அடிமரத்தில் சுற்றிப் பிடித்து, தளர்த்தித் தளர்த்தி இறக்க வேண்டும். நாள் கணக்காகும்.

ஓட்டு வீடு என்றால் இன்னும் நிதானம் தேவை. பழைய ஓடு உடைந்தால் அதே அச்சில் மாற்று ஓடு தேடுவது மரம் தறிப்பதைவிடப் பெரிய வேலை. ஒழுங்கையின் அகலமும் கணக்கில் வரும். லான்ட்மாஸ்டர் என்ற சின்ன இரண்டு சில்லு உழவு இயந்திரம்கூட நுழையாத ஒழுங்கைகள் இங்கே எத்தனையோ உண்டு. அங்கே தறித்த மரத்தைத் தோளில்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

ஆகவே வந்து பார்த்துத்தான் சொல்வோம். பார்க்க வருவதற்குக் காசு இல்லை.

மரத்தை நீங்களே எடுத்துக்கொண்டு இலவசமாகத் தறித்துத் தரமாட்டீர்களா?

அந்தக் காலத்தில் அப்படி நடந்தது. சில மரங்களுக்கு இன்றும் சரிவரும். வைரம் பாய்ந்த முதிர்ந்த பனைக்குச் சிலாகை, தீராந்தி என்று கூரை மரங்களுக்காகக் கேள்வி இருக்கிறது. நல்ல தேக்கை எந்த மரக்காலையும் வேண்டாம் என்று சொல்லாது. வளவுக்குள் நிற்கும் வேம்பு, வாகை, புளி எல்லாம் அப்படியில்லை. கோணலாக வளர்ந்தவை பெரும்பாலும் விறகாகத்தான் போகும். விறகு விலையில் ஏற்றுக்கூலியைக் கழித்தால் கையில் மிஞ்சுவது கொஞ்சம். 2022இல் சமையல் எரிவாயு இல்லாமல் சனம் அடுப்புக்குத் திரும்பியபோது மட்டும் விறகுக்கு மதிப்பு வந்தது.

வெளியூர்க்காரர் நம்ப மறுக்கும் இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் மரங்களுக்குள் இரும்பு இருக்கிறது. சண்டைக் காலத்தில் பாய்ந்த செல் துண்டும் சன்னமும் மரத்துக்குள்ளேயே கிடக்க, மேலே பட்டை வளர்ந்து மூடிவிட்டது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாள் அதில் பட்டால் சங்கிலியின் பல்லெல்லாம் ஒரு நொடியில் போய்விடும். சில இடத்து மரம் என்றாலே ஆலைக்காரர் முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம். வேலியோர மரங்களில் முட்கம்பியும் ஆணியும் இருக்கும். உங்கள் மரத்தில் அப்படி ஏதும் இருப்பது தெரிந்தால் முன்னமே சொல்லுங்கள். நாங்கள் விலையைக் கூட்டமாட்டோம், வெட்டும் இடத்தை மாற்றிக்கொள்வோம்.

அனுமதி எடுக்க வேண்டுமா? சொந்தக் காணிதானே?

சொந்தக் காணிதான். ஆனாலும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் நினைத்தபடி தறிக்க முடியாது. கிராம அலுவலரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். காய்க்காத வடலி (இளம் பனை) ஆணா பெண்ணா என்று எங்களுக்கும் தெரியாது, பாளை தள்ளிய பிறகுதான் சொல்லலாம். தறித்த மரத்தை லொறியில் ஏற்றிப் போவது தனி விஷயம். அதற்கும் கடதாசி கேட்பார்கள், றோட்டில் மறிப்பார்கள். றோட்டோர மரம் உங்கள் படலைக்கு முன்னால் நின்றாலும் உங்களுடையது அல்ல.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை விடியக் காலமை வந்து சத்தமில்லாமல் தறிச்சுவிடுங்கோ" என்று கேட்பவர்கள் உண்டு. செயின்சோவைச் சத்தமில்லாமல் ஓட்ட எங்களுக்குத் தெரியாது.

மழைக்காலம் வருகிறது. மரத்தை மொட்டையடித்துவிட்டால் பயமில்லைதானே?

ஐப்பசி பிறந்ததும் எங்கள் போனில் அதிகம் ஒலிக்கும் சொல் "மொட்டை". நாங்கள் அதிகம் மறுப்பதும் அந்த வேலையைத்தான். மறுத்தால் அடுத்த ஒழுங்கையில் வேறொருவரைப் பிடித்துச் செய்விப்பார்கள் என்பது தெரியும். இந்தத் தொழிலில் எங்களுக்குப் பெரிய நட்டம் அதுதான், இருந்தும் மறுக்கிறோம்.

காரணம் இதுதான். ஒரு மரத்தின் தலையை ஒரேயடியாக எடுத்தால் அதற்குச் சாப்பாடு செய்ய இலை இல்லை. சேமித்து வைத்திருப்பதை எல்லாம் கொட்டி, வெட்டிய இடத்தைச் சுற்றிக் கத்தையாகத் துளிர் விடும். அந்தத் துளிர்கள் இரண்டு மூன்று வருடத்தில் கை மொத்தமாகிவிடும். பழைய கொப்பு மரத்தின் உள்ளிருந்து வளர்ந்தது. இந்தப் புதுக் கொப்போ பட்டைக்குக் கீழே மேலோட்டமாக ஒட்டிக்கொண்டு நிற்பது. இதற்கிடையில் பெரிய வெட்டுவாயால் தண்ணீர் இறங்கி நடுமரம் உக்கத் தொடங்கும். முதல் வருடம் பயமில்லை என்பது உண்மைதான். நாலாம் வருடம் அதே மரம் முன்பைவிட ஆபத்தாக நிற்கும். நீங்களும் மறுபடி மொட்டையடிக்கக் கூப்பிடுவீர்கள். காசு மட்டும்தான் எங்கள் நோக்கம் என்றால் எங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

நாங்கள் செய்வது வேறு. பட்ட கொப்பு, வெடித்த கொப்பு, ஒன்றையொன்று உரசும் கொப்பு, கூரைக்கு மேல் நீண்டு பாரம் கூடிய கொப்பு ஆகியவற்றைத் தேர்ந்து எடுப்போம். காற்று இடையால் புகுந்து போக வழி கிடைக்கும். ஒரே தடவையில் பச்சைத் தலையில் கால்வாசிக்கு மேல் எடுக்கமாட்டோம். பெரிய கொப்பென்றால் மூன்று வெட்டு: முதலில் கீழ்ப்பக்கம் கொஞ்சம், பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து, கடைசியாக மிஞ்சிய குற்றியைக் கொப்பு தொடங்கும் இடத்துப் புடைப்புக்கு வெளியே. அந்தப் புடைப்பு இருந்தால்தான் மரம் காயத்தைச் சுற்றி மூடும். அடிமரத்தோடு வழித்து வெட்டினால் பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் காயம் மூடாது. தாரோ பெயின்றோ பூச வேண்டாம். கேட்டால் பூசிவிடுவோம், ஆனால் அதனால் மரத்துக்கு ஒரு பயனும் இல்லை.

வேலை முடிந்ததும் "என்ன தம்பி, ஒண்டும் வெட்டின மாதிரித் தெரியேல்லையே" என்று சிலர் காசு தர யோசிப்பார்கள். எங்களுக்கு அது பாராட்டு. என்ன செய்வது, அதற்கும் நின்று பேரம் பேசத்தான் வேண்டியிருக்கிறது.

முருங்கைக்கு மட்டும் இந்தச் சட்டமெல்லாம் இல்லை. காய் முடிந்ததும் தாராளமாகக் குறைத்து வெட்டலாம். வேலிக்கு நட்ட கிளுவை, சீமைக்கிளுவைக் கதியாலும் அப்படித்தான்.

அப்படியானால் எந்த மரம் உண்மையில் விழும்?

யாழ்ப்பாணத்து மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். சில இடங்களில் மண்வெட்டி இரண்டு தரம் இறங்கினாலே கல்லில் முட்டும். அங்கே வேர் ஆழம் போகாது, படர்ந்துதான் நிற்கும். மழை இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்து மண் ஊறிய பிறகு வாடைக்காற்று எழும்பினால் மரம் முறியாது, மண்ணோடு பெயர்ந்து சாயும். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோதும் 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் முல்லைத்தீவுப் பக்கம் கரையேறியபோதும் மழை எப்படிப் பெய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் பார்க்க வந்தால் மேலே பார்ப்பதற்கு முன் அடியைத்தான் பார்ப்போம். ஒரு பக்கம் மண் வெடித்து எழும்பியிருக்கிறதா? அடியில் காளான் இருக்கிறதா? புது மதிலுக்கோ குழாய்க்கோ அத்திவாரம் வெட்டும்போது ஒரு பக்க வேரை அறுத்துவிட்டார்களா? கடைசியாகச் சொன்னதுதான் ஆகக் கூடிய ஆபத்து. மதில் கட்டும்போது யாரும் எங்களைக் கேட்பதில்லை. இரண்டு மாரி கழித்து மரம் மதிலுக்கு மேலே விழுந்த பிறகுதான் போன் வரும்.

சாய்ந்து வளர்ந்த மரம் எல்லாம் விழும் என்றில்லை. சிறுவயதிலிருந்தே சாய்ந்து நிற்பது அதற்கேற்ற வேரோடுதான் நிற்கும். அண்மையில் சாயத் தொடங்கியதுதான் பயம்.

பனை, தென்னையை எப்படித் துப்புரவாக்குவது?

காவோலையை (காய்ந்த ஓலையை) எடுக்கலாம், பச்சை மட்டையை எடுக்கக்கூடாது. அழகுக்காகக் குருத்தைச் சுற்றி நாலைந்து ஓலை மட்டும் விட்டுவிட்டு வெட்டச் சொல்வார்கள், நாங்கள் செய்யமாட்டோம். பனைக்கும் தென்னைக்கும் உயிர் அந்த ஒரு குருத்தில்தான் இருக்கிறது. மற்ற மரங்களைப் போல அடிமரத்துக் காயத்தை மூடவும் அவற்றால் முடியாது. விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி மரம் இருக்கும்வரை காயம்தான்.

தென்னையில் பச்சை மட்டையைத் தண்டோடு சேர்த்து அறுத்தால் அந்த ஈரக் காயத்தின் மணத்துக்குச் செவ்வண்டு தேடி வரும். அது உள்ளே போனது வெளியே தெரியும்போது மரம் பெரும்பாலும் முடிந்துவிட்டிருக்கும்.

வெள்ளை ஈக்குப் பலரும் கூப்பிடுகிறார்கள். ஓலையின் கீழ்ப்பக்கம் வெள்ளையாகவும், கீழே நிற்கும் செடிகளின் இலையில் பிசினும் கரிப்பூசணமும் இருந்தால் அதுதான். ஓலையின் கீழ்ப்பக்கத்துக்குத் தண்ணீரை வேகமாகப் பீச்சி அடிப்பது, சவர்க்காரத் தண்ணீரில் கலந்த வேப்பெண்ணெய், ஒட்டும் மஞ்சள் பொறி ஆகியவை உதவும். ஆனால் நீங்கள் உங்கள் ஐந்து மரத்துக்கு அடித்துவிட்டுப் பக்கத்து வளவு பத்து மரத்தைச் சும்மா விட்டால் அடுத்த மாதம் திரும்பி வரும். ஒழுங்கை முழுவதும் சேர்ந்து கூப்பிட்டால் நாங்களும் கூலியைக் குறைப்போம். ஒழுங்கை முழுவதும் ஒரு விஷயத்தில் சேர்வதை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

கறுத்தக்கொழும்பான் மாவைக் கொப்பு வெட்ட நல்ல காலம் எது?

பழம் முடிந்த கையோடு. பூக்கிற காலத்துக்குக் கிட்ட வெட்டிவிட்டுப் பழம் இல்லை என்று எங்களைத் தேட வேண்டாம்.

மின்கம்பியில் கொப்பு முட்டுகிறது. நீங்களே வெட்டிவிடுவீர்களா?

மாட்டோம். எவ்வளவு கெஞ்சினாலும் மாட்டோம். மின்சாரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு அறிவியுங்கள், 1987 என்ற இலக்கம். அவர்கள் மின்னை நிறுத்தித் தந்தால் அன்றைக்கு வந்து வெட்டுவோம். வீட்டுக்கு வரும் 230 வோல்ற் கம்பியே ஆளைக் கொல்லும். றோட்டால் போகும் பெரிய கம்பிகளில் 11,000, 33,000 வோல்ற் ஓடுகிறது. அதற்குத் தொடவே தேவையில்லை, ஈரமான ஓலை கிட்டப் போனால் போதும். அலுமினிய ஏணியோடும் இரும்புத் தொரட்டியோடும் மாங்காய் பறிக்கப் போகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறோம். கம்பிக்கு மேல் கறுப்பு உறை போட்டிருக்கிறதே என்பார்கள். அந்த உறையை நம்பி நாங்கள் ஏறுவதில்லை.

பக்கத்து வளவு மரம் எங்கள் கூரைக்கு மேலே நிற்கிறது. அவர்கள் சம்மதிக்கவில்லை. வெட்டலாமா?

எல்லைச் சண்டைக்குள் வாளோடு நுழைவதில்லை என்பது எங்கள் கட்டுப்பாடு. இரண்டு வீட்டாரும் வேலியடியில் நின்று சரி என்றால்தான் ஏறுவோம். மரம் உண்மையிலேயே ஆபத்தாக நின்றால் கிராம அலுவலரிடமும் பிரதேச சபையிலும் எழுத்தில் முறையிட்டு அதன் பிரதியை வைத்திருங்கள். நாளைக்கு விழுந்தால் அந்தக் கடதாசிதான் பேசும். எங்கள் அனுபவத்தில் மரம் சாட்டாகத்தான் இருக்கிறது. அதற்குப் பின்னால் வேலியை எல்லை தாண்டி நகர்த்திய பழைய அரக்கல் ஒன்று கட்டாயம் இருக்கும்.

நான் கனடாவில் இருக்கிறேன். காணியைத் துப்புரவாக்கித் தருவீர்களா?

தருவோம். எங்கள் வேலையில் நல்ல பங்கு இப்படித்தான் வருகிறது. ஆனால் காணிக்கு இங்கே பொறுப்பானவர் ஒருவர் வேண்டும். வட்ஸ்அப் வீடியோவில் "அந்த மரம், இல்லை இல்லை இடப்பக்கத்து மரம்" என்று காட்டுவதை வைத்து வாளை எடுக்கமாட்டோம். மரத்தில் நிறத்துணி கட்டிப் படம் அனுப்புவோம், நீங்கள் சரி என்று எழுத்தில் தந்த பிறகுதான் தொடங்குவோம். அண்ணன் தறிக்கச் சொல்ல, தங்கை வேறு நாட்டிலிருந்து அழுதுகொண்டு போன் எடுத்த சம்பவங்கள் உண்டு. அந்த மாவில் ஊஞ்சல் கட்டி ஆடியவர்களுக்கு அது வெறும் மரம் இல்லை. ஆகவே முதலில் உங்களுக்குள் பேசி முடியுங்கள். அரைவாசி முற்பணம்.

வலிகாமம் வடக்கில் நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து விடுபட்ட காணி என்றால் இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன. பற்றைக்குள் மூடாத கிணறு இருக்கும். எங்கே என்று அயலில் உள்ள பெரியவர்களிடம் விசாரித்துச் சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றி முடிந்த காணிதானா என்று உறுதிப்படுத்தாமல் இறங்கமாட்டோம். வெட்டிய பற்றையை அங்கேயே குவித்து எரிக்கவும் மாட்டோம். மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று நெருப்புக்குத் தெரியாது. சந்தேகமான இரும்பு எதையும் கண்டால் வேலையை நிறுத்திப் பொலிசுக்குச் சொல்வோம். அந்த நாளுக்குரிய கூலி உண்டு.

எத்தனை மணிக்கு வருவீர்கள்?

விடிந்து வெளிச்சம் வந்ததும். வெயில் ஏறுவதற்கு முன் ஏறும் வேலையை முடிக்க வேண்டும். பத்து, பதினொரு மணிக்குப் பிறகு மேலே நிற்பவருக்குக் கை வழுக்கும், கவனம் குறையும். மிச்ச நேரம் கீழே துண்டு போடுவது, குழை கழிப்பது, ஏற்றுவது. ஆடி, ஆவணியில் சோளகம் பலமாக வீசும் நாளில் போன் எடுத்து இன்று இல்லை என்போம். வீட்டுக்காரருக்கு முற்றத்தில் நின்றால் காற்று தெரியாது. நாற்பது அடி உயரத்தில் வேறு காற்று.

காலையில் பிளேன்ரீ தந்தால் சந்தோஷம். கள்ளு, சாராயம் தர வேண்டாம், வேலை முடிந்த பிறகும் வேண்டாம். வாங்கித் தராவிட்டால் மரியாதை இல்லை என்று நினைக்கும் ஐயாமார் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காசைக் கூலியில் சேர்த்துவிடுங்கள்.

பார்த்துவிட்டுப் போனவர்கள் வேலை செய்யாமல் திரும்பியது ஏன்?

பெரும்பாலும் குளவி. பனையில் காவோலைக்குள்ளே கூடு இருப்பது கீழிருந்து தெரியாது. கயிற்றில் தொங்குகிறவர் ஓட முடியாது. அதனால் குளவி உள்ள மரத்தில் அது போன பிறகுதான் கை வைப்போம். பாம்பு, மரநாய் எல்லாம் வழமை. கிளிக்கூட்டில் குஞ்சு இருந்தால் பட்ட பனையையும் சில வாரம் விட்டுவைக்கச் சொல்வோம். சொல்வது மட்டும்தான் எங்கள் வேலை.

ஏன் ஒரு வாரம், இரண்டு வாரம் காத்திருக்கச் சொல்கிறீர்கள்? ஆள் இல்லையா?

ஆள் இல்லை, அதுதான் உண்மை. காலில் தளைநார் போட்டுப் பனையில் ஏறத் தெரிந்தவர்களுக்கு வயது போகிறது. அவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள், போகவும் வேண்டும். மரம் ஏறுவதைச் சாதியோடு கட்டிவைத்து, ஏறியவரை முற்றத்திலேயே நிற்கவைத்துத் தண்ணீர் கொடுத்த ஊர் இது. இப்போது ஆள் கிடைக்கவில்லை என்று கவலைப்படுபவர்கள் அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். எங்கள் குழுவில் இளம் பொடியள் இருக்கிறார்கள். இடுப்புப் பட்டியும் தலைக்கவசமும் கொழுக்கியும் இருப்பதால் வந்தவர்கள். கல்யாணப் பேச்சில் என்ன வேலை என்று சொல்வதற்குத்தான் இன்னும் கூச்சப்படுகிறார்கள்.

செலவும் இருக்கிறது. கயிறு, பட்டி, வாள், சங்கிலி எல்லாம் வெளிநாட்டுச் சாமான், டொலரோடு ஏறியவை, டொலர் இறங்கும்போது இறங்கவில்லை. 2022இல் கானில் பெற்றோல் தரமாட்டோம் என்றார்கள். வாளை மோட்டார் சைக்கிளில் கொழுவிக்கொண்டு வரிசையில் நிற்கவா முடியும்? வருமானமோ ஐப்பசி, கார்த்திகையில் மூச்சுவிட நேரமில்லாமல் வரும், தை கழிந்தால் படுத்துவிடும். அந்த மாதங்களில் கூப்பிட்டால் கூலியும் குறைவு, மரத்தை ஆறுதலாகப் பார்க்கவும் நேரம் இருக்கும். யாரும் கூப்பிடுவதில்லை.

மலிவாக ஆள் பிடிப்பவர்களுக்கு ஒரு விஷயம். நாட்கூலிக்கு நீங்களே நேரே பிடித்து ஏற்றியவர் விழுந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி உங்கள் படலைக்கே வரலாம். 1934இலிருந்தே தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. ஏறுபவர் யாருடைய ஆள், பட்டி கட்டியிருக்கிறாரா என்று ஒருமுறை கேளுங்கள். விபத்து நடந்தால் 1990 அம்புலன்ஸ். விழுந்தவரைத் தூக்கி ஓட்டோவில் மடித்து ஏற்ற வேண்டாம், முள்ளந்தண்டு அடிபட்டிருந்தால் அதுவே கெடுதி.

நானே ஒரு செயின்சோ வாங்கினால் என்ன?

வாங்கலாம். 2019இல் இவற்றைப் பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள், ஆகவே வாங்கும்போதே பதிவைக் கேளுங்கள். தரையில் கிடக்கும் விறகை அறுக்கப் பழகுங்கள். வாளின் மேல் நுனியால் எதையும் தொடாதீர்கள், அங்கே பட்டால் வாள் முகத்தை நோக்கித் துள்ளும். ஏணியில் நின்று செயின்சோ பிடிப்பது, தோளுக்கு மேலே தூக்கி அறுப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

செவ்வாய், வெள்ளியில் தறிப்பீர்களா?

நீங்கள் சரி என்றால் எங்களுக்கும் சரி. வீட்டு வேலைக்கான மரத்தைத் தேய்பிறையில் தறிக்கச் சொல்பவர்கள் உண்டு, நாள் ஒதுக்கித் தருவோம். அடியில் வைரவர் சூலம் நிற்கும் மரம் என்றால் கோயில்காரரோ ஊர்ப் பெரியவரோ வந்து கற்பூரம் கொளுத்தட்டும், பிறகு கொப்பு மட்டும் வெட்டுவோம். அடியோடு தறிக்க எங்கள் ஆட்கள் ஏறமாட்டார்கள். வற்புறுத்த நானும் தயாரில்லை.

வெட்டிய குழை, கொப்பை என்ன செய்வீர்கள்?

பூவரசும் சீமைக்கிளுவையும் தோட்டக்காரர் வந்து அள்ளிப் போவார்கள், மண்ணுக்குள் தாழ்க்க நல்ல குழை. பலா இலைக்கு ஆட்டுக்காரர் காத்திருப்பார். வேப்பங்கொப்பை வளவின் மூலையில் குவிக்கச் சொன்னால் குவிப்போம், வெளியே கொண்டுபோகச் சொன்னால் லான்ட்மாஸ்டர் கூலி தனி. ஒழுங்கை முகப்பில் இரவோடிரவாகப் போட்டுவிட்டுப் போகமாட்டோம். அப்படிக் கேட்டவர்கள் யார் என்று சொல்லவும் மாட்டோம்.

போன் எடுக்கும்போது என்ன விபரம் தர வேண்டும்?

மரத்தைத் தூரத்தில் நின்று முழுதாக ஒரு படம், அடியை ஒரு படம், நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு படம். கிணறு, மலக்குழி, தண்ணீர்த் தாங்கி எங்கே இருக்கின்றன என்பது. மலக்குழி மூடிக்கு மேலே குற்றி விழுந்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. ஒழுங்கைக்குள் எந்த வாகனம் வரும், நாய் கட்டியிருக்கிறதா, யாரிடம் திறப்பு இருக்கிறது. இவ்வளவையும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பொழுதுபட்ட பிறகு நாங்களே எடுப்போம்.